அந்த ஒரு நாள் யாருக்குப் போகிறது?

பள்ளி நாட்கள் குறையக் குறையக் குழந்தைகளுக்கு நல்லது என்ற எண்ணம் படித்த வீடுகளில் இன்று மறுபேச்சில்லாமல் ஏற்கப்பட்டுவிட்டது. சனிக்கிழமை வகுப்பு கொடுமை என்று தொடங்கும் பேச்சு, அமெரிக்காவில் வாரத்துக்கு நான்கு நாள்தான் பள்ளியாம், பின்லாந்தில் விளையாடியே படிக்கிறார்களாம் என்று வளர்ந்து, நமக்கும் நான்கு நாள் போதாதா என்று வந்து நிற்கும். பேசுகிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. முதுகை வளைக்கும் பையையும், ராத்திரி பத்து மணிக்கும் முடியாத வீட்டுப்பாடத்தையும், பத்தாம் வகுப்பு வந்ததும் மைதானத்திலிருந்து மறைந்துபோகும் பிள்ளைகளையும் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். அவர்கள் சொல்லும் குறைகளில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. வாரத்தில் ஒரு நாளை வெட்டிவிட்டால் அந்தக் குறைகள் தீரும் என்பதை மட்டும் முழுமூச்சாக மறுக்கிறேன்.

பள்ளியிலிருந்து எடுத்த நாள் குழந்தையின் கைக்கு வந்து சேராது. அந்தக் குழந்தையின் நேரத்தின்மேல் யாருக்குப் பிடி இருக்கிறதோ அவர்களுக்குப் போகும். வசதியுள்ள வீட்டில் டியூஷன் மாஸ்டருக்கும், ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும் நீட், ஜேஇஇ கோச்சிங்குக்கும் போகும். கூலிக்குப் போகும் வீட்டில் தண்ணீர்க் குடத்துக்கும் தொட்டில் பிள்ளைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் போகும். பெண் பிள்ளையென்றால் அடுப்படிக்குப் போகும். மரத்தடியில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கனவு காணும் குழந்தை, இந்தக் கோரிக்கையை எழுதுகிறவர்களின் மனத்தில் மட்டுமே இருக்கிறது.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. பள்ளி நேரத்தைக் குறைத்துப் பார்க்கும் சோதனை இந்த மண்ணிலேயே ஒரு முறை நடந்திருக்கிறது.

1952 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ராஜாஜி, 1953-54 கல்வியாண்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாக இருந்த வகுப்பு மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணி போனபின் மறு அணி வரும்படி முறை வைத்தார்கள். பள்ளி இல்லாத நேரத்தில் பையன் அப்பாவின் தொழிலைக் கற்க வேண்டும், பெண் அம்மாவுக்கு உதவ வேண்டும். எதிர்த்தவர்கள் இதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது.

அன்று அந்தத் திட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயங்களை இன்று எடுத்துப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. வகுப்பறை குழந்தையைச் சோர்வடையச் செய்கிறது என்றார்கள். ஏட்டுப் படிப்பு போதாது, கையால் செய்து கற்க வேண்டும், வாழ்க்கையே பெரிய பள்ளிக்கூடம் என்றார்கள். நான்கு நாள் வாரம் கேட்கும் இன்றைய கட்டுரைகளில் இவை அனைத்தும் அப்படியே இருக்கின்றன. காந்தியின் ஆதாரக் கல்வியைத் துணைக்கு அழைத்தார்கள். நிபுணர் குழுவும் கிடைத்தது. பருலேக்கர் தலைமையில் அமைந்த குழு திட்டத்தை ஆராய்ந்து நல்லதென்றே சான்று தந்தது. இத்தனை நியாயங்களுக்கும் அடியில் ஒரு கணக்கு இருந்தது. இரண்டு அணியாக வரவழைத்தால் அதே கட்டடத்திலும் அதே ஆசிரியரைக் கொண்டும் இருமடங்கு பிள்ளைகளைச் சேர்த்துவிடலாம், கூடுதல் செலவு இல்லை என்பதுதான் அந்தக் கணக்கு.

நகரத்துப் பிள்ளைக்கு முழுநாள் பள்ளி தொடர்ந்தது. கிராமத்துப் பிள்ளைக்குத்தான் அரைநாள். அந்த மீதி அரைநாளில் என்ன நடக்கும் என்பதை விளக்க எந்தக் குழுவும் தேவைப்படவில்லை. வழக்கறிஞரின் மகனுக்கு வீட்டில் புத்தக அலமாரி இருந்தது. சலவைத் தொழிலாளியின் மகனுக்கு வெள்ளாவி இருந்தது. முடிதிருத்துபவரின் மகனுக்குக் கத்தி இருந்தது. பள்ளியின் மூன்று மணி நேரம் எல்லோருக்கும் ஒன்று, வெளியே இருந்த நேரம் சாதிக்கு ஒன்று. பெரியார் கொதித்ததும், தி.மு.க. 1953 ஜூலையில் மும்முனைப் போராட்டத்தில் இதையும் ஒரு முனையாக வைத்ததும், ஆளும் காங்கிரஸுக்குள்ளேயே காமராஜர் எதிர்த்து நின்றதும் இதனால்தான். சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடச் சொன்ன தீர்மானம் சரிபாதி வாக்குகளில் நின்று, பேரவைத் தலைவரின் வாக்கால் தோற்றது. நிபுணர்கள் ஆராயும்வரை நிறுத்திவைக்கச் சொன்ன தீர்மானம் நூலிழையில் வென்றது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

அடுத்து நடந்ததைத்தான் நான்கு நாள் பேச்சுக்காரர்கள் கவனிப்பதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்கும் வந்து சோர்ந்து விழுவதற்கும் காமராஜர் வேறொரு காரணத்தைக் கண்டார். பசி. 1956இல் மதிய உணவு தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தி, ஊர்க்காரர்களையே தங்கள் பள்ளிக்குக் கட்டடமும் பலகையும் தர வைத்தார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிதாக்கினார். 2010இல் வாரம் ஐந்து முட்டை என்றானது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளில் சுமார் 17 லட்சம் பிள்ளைகளுக்கு விரிந்தது. கட்சி மாறினாலும் ஆட்சி மாறினாலும் தமிழ்நாடு எழுபது ஆண்டுகளாக ஒரே திசையில் நடந்திருக்கிறது. பள்ளி நாளைக் குறைப்பதற்குப் பதிலாக, அந்த நாளை முழுதாகப் பிள்ளை தாங்கும்படி செய்திருக்கிறது.

இப்போது வெள்ளிக்கிழமையை எடுத்துவிடுங்கள். ஒரு காலை உப்புமாவோ பொங்கலோ போகிறது, ஒரு மதியச் சாப்பாடு போகிறது, ஒரு முட்டை போகிறது. வாரம் தவறாமல் போகிறது. காலையில் வேலைக்கு ஓடும் தாய் அன்றைக்கு மட்டும் அதிகாலை எழுந்து சமைத்து வைப்பாள் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு, நூறு நாள் வேலைக்கோ கட்டட வேலைக்கோ செல்லும் பெண்ணின் காலை எப்படி விடிகிறது என்று தெரியாது.

உணவைக்கூட ரேஷனில் கூடுதலாகக் கொடுத்துச் சரிக்கட்டலாம் என்று ஒருவர் வாதிடலாம். சட்டத்தை எப்படிச் சரிக்கட்டுவார்? 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரு விலக்கு தருகிறது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறைகளிலும் குழந்தை உதவலாம். பூக்கட்டுவது, பெட்டிக்கடையில் நிற்பது, ஆடு மேய்ப்பது எல்லாம் இந்த விலக்கின் நிழலில் நடப்பவை. குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்துப் பல ஆண்டுகள் களத்தில் நின்றவர்கள் இந்த விலக்கைக் கண்டித்தது நியாயம். இன்றைய நிலையில் அந்த விலக்குக்கு ஒரே வேலி பள்ளிக்கூட மணிதான். பள்ளி நடக்கும் நேரத்தில் குழந்தை கடையில் நின்றால் கேட்க ஆளுண்டு. நீங்கள் ஒரு நாளைப் பள்ளியிலிருந்து எடுத்தால், ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அந்தச் சட்டம் குழந்தை வேலை செய்ய வாரத்துக்கு ஒரு நாள் கூடுதலாக அனுமதித்ததாக ஆகிவிடும். 1953இல் அரசாணை போட்டுச் செய்ய முயன்றதை, இப்போது ஆணையே இல்லாமல் செய்துவிடலாம்.

பள்ளி இல்லாவிட்டாலும் குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கும் தமிழ்நாட்டிலேயே விடை கிடைத்துவிட்டது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாள்தான் திறந்தன. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளீதரன் ஆகிய மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதுப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததை வைத்து ஒப்பிட்டால், கணக்கிலும் தமிழிலும் பெரிய பள்ளம் விழுந்திருந்தது. கணக்கில் விழுந்த பள்ளம் இன்னும் ஆழம். வாழ்க்கைப் பள்ளியில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்த பிள்ளைகள் இவர்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. மாலை நேரத்தில் ஊர்த் தன்னார்வலர்கள் நடத்திய வகுப்புகள் அவை. அதாவது நாளைக் கூட்டியதால் வந்த பலன். இந்த ஆய்வைப் படித்துவிட்டும் ஒருவர் கற்பதற்கு நாள் கணக்கு முக்கியமில்லை என்று சொன்னால், அவரிடம் விவாதிக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

அமெரிக்காவை உதாரணம் காட்டுகிறார்களே, அங்கே என்ன நடந்தது? இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் சுமார் 900 பள்ளி மாவட்டங்கள் நான்கு நாள் வாரத்துக்கு மாறியிருக்கின்றன என்பது உண்மைதான். பெரும்பாலானவை ஆள் நடமாட்டம் குறைந்த கிராமப்புறங்கள். 1970களின் எண்ணெய் நெருக்கடியில் பள்ளிப் பேருந்துக்கு டீசல் செலவு தாங்காமல் நியூ மெக்சிகோவில் சில மாவட்டங்கள் தொடங்கின. 2008 பொருளாதாரச் சரிவில் வரி வருமானம் வற்றியதும் அது பரவியது. இப்போது, சம்பளத்தை உயர்த்த முடியாத மாவட்டங்கள் வெள்ளிக்கிழமை விடுமுறையைக் காட்டி ஆசிரியர்களை ஈர்க்கின்றன. தொடக்கத்திலிருந்தே கஜானாவிலும் ஆள் பற்றாக்குறையிலும் பிறந்த ஏற்பாடு இது. அதிலும் மிச்சமானது அற்பம். மாநிலங்களின் கல்வி ஆணையத்துக்காக 2011இல் செய்யப்பட்ட கணக்கெடுப்பில், மாவட்டங்கள் உண்மையில் மிச்சம் பிடித்தது மொத்தச் செலவில் 0.4 முதல் 2.5 சதவீதம்தான். ஆசிரியர் சம்பளமும் கட்டடச் செலவும் குறையாதபோது வேறெப்படி ஆகும்?

நான்கு நாள் ஆதரவாளர்கள் கையில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கொலராடோவின் சிறிய கிராமப் பள்ளிகளில் கணக்குத் தேர்ச்சி உயர்ந்ததாக 2015இல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் எழுதினார்கள். அந்த ஒரு கட்டுரையை வைத்துக்கொண்டே உலகம் முழுக்க இந்தப் பேச்சு ஓடுகிறது. பிற்பாடு பால் தாம்ப்சன் ஓரிகன் மாநிலத்தில் பிள்ளை பிள்ளையாகத் தரவு எடுத்துப் பார்த்தபோது மதிப்பெண்கள் இறங்கியிருந்தன. நான்கு நாட்களை எவ்வளவு நீட்டினாலும் வாரத்தில் மூன்று நான்கு மணி நேரம் பாடம் குறைந்துபோனதுதான் காரணம் என்று அவர் காட்டினார். அதே கொலராடோவில் பதின்வயதினர் செய்யும் சிறு திருட்டுகள் கூடியதை இன்னொரு ஆய்வு காட்டியது. திருமணமான தாய்மார் வேலையை விட்டதைக் காட்டியது வேறொன்று. நமக்கு இந்தக் கடைசித் தகவல் மிக முக்கியம். பிள்ளை வீட்டில் இருக்கும் நாளில் யாரோ ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும், அந்த யாரோ எப்போதும் அம்மாதான்.

ஹவாயிலும் நடந்தது. நிதிப் பற்றாக்குறையால் 2009-10 கல்வியாண்டில் 17 வெள்ளிக்கிழமைகளைப் பள்ளி இல்லா நாட்களாக அறிவித்தார்கள். பெற்றோர்கள் ஆளுநர் அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்து போராடினார்கள். மறு ஆண்டு அந்த ஏற்பாடு தொடரவில்லை. பிரான்ஸ் 2008இல் சனிக்கிழமை காலை வகுப்பை எடுத்துவிட்டுத் தொடக்கப் பள்ளியை நான்கு நாளாக்கியது. ஆண்டுக்கு 144 பள்ளி நாள் என்றானது. குழந்தையின் உடல் கடிகாரத்துக்கு இது ஆகாது என்று அந்நாட்டு மருத்துவ அகாதெமியே 2010இல் சொன்னது. 2013இல் நாலரை நாளாக்கினார்கள். 2017இல் ஊராட்சிகளின் விருப்பத்துக்கு விட்டதும், கூடுதல் செலவுக்கு அஞ்சிய ஊர்களில் மிகப் பெரும்பாலானவை மீண்டும் நான்கு நாளுக்கே போயின. பின்லாந்தைப் பற்றி ஒரே வரி போதும். அங்கே வாரம் ஐந்து நாள் பள்ளி, ஆண்டுக்கு 190 நாள், ஒவ்வொரு நாளும் எல்லாப் பிள்ளைக்கும் இலவச மதிய உணவு.

நம்முடைய கல்வி உரிமைச் சட்டம் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 220 நாட்களையும் 1,000 மணி நேரப் பாடத்தையும் கேட்கிறது. நாற்பது வாரம், வாரம் நான்கு நாள் என்றால் 160 நாள்தான் வரும். மணிக்கணக்கைக் குறைக்காமல் நாளை மட்டும் குறைப்போம் என்பவர்கள் கூட்டிப் பார்க்கட்டும். நாளுக்கு ஆறே கால் மணி நேரம் பாடம், அதற்குமேல் இறைவணக்கக் கூட்டம், இடைவேளை, சாப்பாடு, விளையாட்டு. ஒன்பது மணிக்கு வந்த பன்னிரண்டு வயதுப் பெண் பள்ளியைவிட்டு இறங்கும்போது ஐந்து மணியாகிவிடும். மலையூர்களிலும் கடைசி டவுன் பஸ்ஸை நம்பியிருக்கும் ஊர்களிலும் அவள் கார்த்திகை மார்கழியில் இருட்டில் வீடு திரும்புவாள். இப்படி இரண்டு மாதம் நடந்தால் எத்தனை பெற்றோர் பெண்ணை நிறுத்திவிடுவார்கள் என்பதை எந்தத் தலைமையாசிரியரிடம் கேட்டாலும் சொல்வார்.

அப்படியானால் சுமை? சுமை இருக்கிறது. 1993இல் யஷ்பால் குழு சுமையில்லாத கற்றலைப் பற்றிக் கொடுத்த அறிக்கையில், பையின் எடையைவிடக் கொடியது புரியாமல் உட்கார்ந்திருக்கும் சுமை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. புரியாத பிள்ளைக்குத் தேவை இன்னும் கொஞ்சம் நேரம், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆசிரியர். ஐந்து நாளில் ஓட்டமும் நடையுமாக முடிக்கும் பாடத்தை நான்கு நாளில் அடைத்தால் யாருக்குப் புரியும்? பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் காலை, மாலை, ஞாயிறு என்று நடத்தும் சிறப்பு வகுப்புகளை நிறுத்துங்கள், நானும் உங்களோடு வந்து குரல் கொடுக்கிறேன். தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே வேண்டாம் என்பதற்கும் முழு ஆதரவு. புத்தகப் பை இல்லாத நாட்களைத் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குப் பத்து என்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளோடு எனக்குச் சண்டை உண்டு, ஆனால் இந்த எண்ணை இருபதாக்கினாலும் மகிழ்ச்சிதான். அந்த நாட்களும் பள்ளியில், சோற்றோடு, ஆசிரியரின் கண்பார்வையில் நடக்க வேண்டும். வெயில்தான் கவலையென்றால் 2023இல் செய்ததுபோல ஜூன் திறப்பைத் தள்ளிவைக்கலாம்.

ஆசிரியர்களின் சனிக்கிழமைக் கோபத்தை நான் தனியாகத்தான் பார்க்கிறேன். 2024-25க்கு 220 வேலை நாட்கள் என்று அறிவித்துவிட்டுச் சங்கங்கள் எதிர்த்ததும் 210 ஆகக் குறைத்தது பள்ளிக்கல்வித் துறை. எமிஸ் பதிவு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு, விலையில்லாப் பொருட்கள் விநியோகம் என்று பாடம் சாராத வேலைகளை ஏற்றிவிட்டுச் சனிக்கிழமையும் வா என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்த வேலைகளுக்கு ஆள் போட்டு ஆசிரியரை வகுப்புக்குத் திருப்பி அனுப்புவதுதான் முறை. பிள்ளையின் நாட்களை வெட்டி ஆசிரியருக்கு ஓய்வு கொடுப்பது, அரசு செலவழிக்க வேண்டிய பணத்தைப் பிள்ளையிடம் வசூலிப்பதற்குச் சமம்.

ஈராசிரியர் பள்ளியை நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஐந்து மணி நேரப் பள்ளி நாளில் ஒரு வகுப்புக்கு நேரடியாக ஆசிரியர் கிடைப்பது இரண்டு மணி நேரம். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஒரே மணி நேரம். அந்தப் பிள்ளை ஏற்கெனவே அரைநாள் பள்ளியில்தான் படிக்கிறது, பெயரளவில்தான் முழுநாள். அதனிடம்போய் உனக்குப் பள்ளி அதிகமாகிவிட்டது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

எங்கள் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளிக்கு மட்டும்தான் கேட்கிறோம், அரசுப் பள்ளி எப்படியோ இருக்கட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கும் நான் இசைய மாட்டேன். வேலை நாள் விதி எல்லாப் பள்ளிக்கும் பொது. நகரத்துப் பெற்றோர் ஒரு நாளைக் குறைப்பதை நாகரிகமாக்கிவிட்டால், அடுத்த நிதிநெருக்கடியில் அரசு அதையே எடுத்துக்கொள்ளும். பெற்றோரே கேட்டார்கள் என்று காரணமும் சொல்லும். சத்துணவுக்கும் காலை உணவுக்கும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம், புதிய ஆசிரியர் நியமனம் இன்னும் சில ஆண்டு தள்ளிப்போகும். நகரத்துப் பள்ளி தன் ஐந்தாம் நாளை நீச்சல், ரோபோட்டிக்ஸ், அபாகஸ் என்று கட்டணத்துக்கு விற்றுக்கொள்ளும். கிராமத்து ஈராசிரியர் பள்ளியில் அன்று கதவு பூட்டியிருக்கும். 1953இல் வெட்டு விழுந்த அதே ஊர்களில்தான் மறுபடியும் விழும், இந்த முறை போராட ஒரு அரசாணைகூட இருக்காது.